ஊசித் துவக்கும் அடியூசியும்

ஐரோப்பிய வரலாறு கற்கும் மாணவர் 1866ஆம் ஆண்டுப் போரைப் பற்றிய அதிகாரத்துக்கு வந்ததும் தயங்காது எழுதும் விடை ஒன்றுண்டு. ஒஸ்திரியப் பேரரசைப் பிரசியா ஏழே வாரங்களில் வென்றமைக்குக் காரணம் யாதெனின், ஊசித் துவக்கு என்பதே அவ்விடை. இது முற்றும் பிழையன்று, முற்றும் சரியுமன்று. அந்த ஊசி எங்கே இருந்தது, எதனைக் குத்திற்று, ஏன் அடிக்கடி ஒடிந்தது, அதனைப் பேணியவர் யார் என்பவற்றை அறியாது விடையெழுதும் மாணவன் ஒரு பெயரை எழுதுகின்றானேயன்றி ஒரு காரணத்தை எழுதுகின்றானல்லன். காரணத்தை அறிய வேண்டின் தொழிலாளியின் பட்டறைக்கே செல்லல் வேண்டும்.

துவக்கின் வரலாறு என்பது பெரும்பாலும் தீ மூட்டும் முறையின் வரலாறே. தொடக்கத்தில் எரியும் திரியைக் கையில் ஏந்திச் சென்றனர். பின்னர் சக்கிமுக்கிக்கல் வந்தது. கல் எஃகிற் பட்டுத் தெறிக்கும் பொறி, குழாயின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்க, அத்தீ ஒரு துளைவழியே உட்சென்று பெருமருந்தை வெடிக்கச் செய்யும். மழை பெய்தாற் கிண்ணம் நனையும். காற்று வீசினால் மருந்து பறக்கும். இக்குறைகளுள் ஒன்று, போர்வீரனை அன்றிப் பறவை வேட்டைக்காரரான ஒரு பாதிரியாரை வருத்திற்று. ஸ்கொத்லாந்தின் அபெடீன் பகுதியில் பெல்ஹெல்வி என்னும் ஊரிற் சமயப்பணி புரிந்த அலெக்சாந்தர் போர்சைத் என்பாரே அவர். கிண்ணத்து மருந்து பளிச்சிடுவதைக் கண்டு, குண்டு வந்தடையுமுன் பறவைகள் எழுந்து பறந்துவிடுவதை அவர் கண்டார். அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயன உப்புக்களைப் பயன்படுத்தும் முறையொன்றுக்கு அவர் 1807இற் காப்புரிமை பெற்றார். இதன் வழியிலேயே, சில ஆண்டுகளின் பின், சிறு செப்புத் தொப்பியினுள் அம்மருந்தை அடைத்த கேப்பு தோன்றிற்று. தீயை மூட்டுவது இனிப் பொறியன்று, அடி என்றாயிற்று. அடிப்பதற்கு ஒரு முனை வேண்டும் என்ற தேவையும் அன்றே பிறந்தது. ஆயுதத் தொழிலாளர் பயறிங் பின் என வழங்கும் அம்முனையை அடியூசி எனத் தமிழிற் கூறலாம்.

நிற்க. பாரிஸ் நகரிலே சாமுவேல் பவுலி என்னும் சுவிற்சர்லாந்துத் துவக்குத் தொழிலாளர் ஒருவர் இருந்தார். குண்டு, மருந்து, தீமூட்டி ஆகிய மூன்றையும் ஒரே தோட்டாவில் அடக்கிக் குழாயின் பின்வாயில் இடும் துவக்கொன்றை அவர் 1812இற் செய்து காட்டினார். காலத்துக்கு முந்திய கருத்து அது. படைத்தலைவர் எவரும் அதனை ஏற்றிலர். ஆயின் அப்பட்டறையில் வேலை செய்த ஓர் இளைஞர் அதனை மறந்திலர். அவரே யொகான் நிக்கொலவுஸ் திரைசே. ஜேர்மனியின் துரிங்கியப் பகுதியிலுள்ள செமெர்தா என்னும் சிற்றூரிற் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1787இற் பிறந்தவர். பாரிசிலிருந்து ஊருக்குத் திரும்பி, 1824இற் கேப்புச் செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். பூட்டும் கேப்பும் ஒருங்கே கைவந்த ஒருவரிடமிருந்தே பின்னைய கருவி தோன்றிற்று என்பது கவனித்தற்குரியது. ஊசித் துவக்கின் பின்புறம் உண்மையிற் கதவுத் தாழ்ப்பாளை ஒத்ததொன்றேயாம்.

அவர் 1827இல் அமைத்த முதல் ஊசித் துவக்கு முன்வாயால் மருந்திடுவது. உள்ளே ஊசி காத்திருக்க, மேலிருந்து தோட்டாவைக் கம்பியால் இடித்து இறக்குதல் எத்துணை ஆபத்தானதென்பதைக் கூறவேண்டுவதில்லை. பல முயற்சிகளின் பின் 1836 அளவிற் பின்வாயால் மருந்திடும் அமைப்பு முற்றுப்பெற்றது. குழாயின் பின்னே உருளைத் தாழொன்று முன்னும் பின்னும் ஓடும். கைப்பிடியைத் திருப்பினால் அது இறுகும். தாழின் நடுவே சுருள்வில்லொன்றால் உந்தப்படும் நீண்ட எஃகு ஊசி உண்டு. தோட்டா கடுதாசியால் ஆனது. அதன் முன்புறத்தில் முட்டை வடிவான ஈயக்குண்டு. குண்டைத் தாங்குவது கடுதாசிக் கூழால் அமைந்த ஒரு குவளை. அக்குவளையின் அடியிலே தீமூட்டும் மருந்து. அதன் பின்னரே கருமருந்து. எனவே விசையை இழுத்ததும் ஊசியானது தோட்டாவின் அடிக் கடுதாசியைத் துளைத்து, கருமருந்து முழுவதையும் ஊடுருவிச் சென்று, குண்டின் காலடியிலுள்ள தீமூட்டியைக் குத்தல் வேண்டும்.

தீமூட்டியைத் தோட்டாவின் அடியில் வைத்திருப்பின் இத்துணை நீண்ட ஊசி வேண்டியதில்லையே என வினவலாம். முன்புறமிருந்து தீப்பற்றினால் மருந்து முழுவதும் எரியும் என்பது அக்காலத்தார் கருத்து. கடுதாசித் தோட்டாவின் மெல்லிய அடியிலும் பார்க்க இறுகிய குவளையில் தீமூட்டி உறுதியாக இருக்கும் என்பதும் உண்மை. ஆயினும் இவ்வமைப்பின் விலையை ஊசியே செலுத்திற்று. ஒவ்வொரு வெடியின்போதும் ஊசியின் முன்பாதி எரியும் மருந்தின் நடுவிலேயே நின்றது. வெப்பத்தால் எஃகின் பதம் கெட்டது. கருமருந்தின் கழிவு படிந்து அரித்தது. நாளடைவிற் கூர்மை மழுங்கி வளைந்து ஒடிந்தது. ஒடிந்த ஊசியுடைய துவக்கு ஈட்டி செருகிய தடியன்றி வேறன்று.

திரைசே இதனை அறியாதவரல்லர். ஊசியை மாற்றுதல் பட்டறைக் கொல்லனுக்குரிய வேலையாக இராது, களத்திலுள்ள போர்வீரனுக்குரிய வேலையாக இருத்தல் வேண்டும் என்று எண்ணி அதற்கேற்பவே தாழை அமைத்தார். பிரசியப் படைவீரன் தன் உடைமைகளுடன் மாற்று ஊசிகளையும் கொண்டு சென்றான். துவக்கை முழுதும் பிரிக்காமலே பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தப் பழக்கப்பட்டான். படைமுகாமில் ஊசி துடைத்தல், எண்ணெயிடல், நேராக உளதா எனப் பார்த்தல் என்பன அன்றாடக் கடமைகளாயின. கூர்மையான கருவியைக் கொடுத்த அரசு அதனைப் பேணும் ஒழுக்கத்தையும் உடன் கொடுத்தது என்பதே இங்கு நோக்கற்பாலது. வரலாற்று நூல்கள் பல முன்னையதைக் கூறிப் பின்னையதைக் கூறாது விடுகின்றன.

பின்வாய் முற்றாக மூடாமை இன்னொரு பெருங் குறையாகும். தாழின் வாயும் குழாயின் வாயும் உலோகத்தோடு உலோகமாகவே பொருந்தின. புதிய துவக்கில் அது போதுமானது. தேய்ந்த துவக்கில் எரிவாயு கசிந்து சுடுவோன் முகத்திற் பட்டது. கன்னத்தில் வைத்துக் குறிபார்க்க அஞ்சி, இடுப்பிலிருந்தே சுட்டவரும் உண்டு. இக்காரணத்தாலும், மருந்தின் வலு வீணானதாலும், ஊசித் துவக்கின் குண்டு எதிரியின் முன்வாய்த் துவக்குக் குண்டைப்போல் நெடுந்தூரம் செல்லவில்லை. சிறந்த கருவி வென்றது என எழுதுவோர் இதனை மறத்தலாகாது. தூரத்தில், ஒஸ்திரியரின் லொரென்ஸ் துவக்கே மேலானது.

பிரசிய மன்னர் நான்காம் பிரீத்ரிக் வில்லெம் 1840இல் 60,000 துவக்குகள் செய்யக் கட்டளையிட்டார். ஊசி என்னும் சொல் வெளியே தெரியலாகாதென்று அதற்கு 1841ஆம் ஆண்டு மாதிரி இலேசான கேப்புத் துவக்கு எனப் பெயரிட்டனர். ஆயின் இரகசியம் நீடிக்கவில்லை. 1848 யூன் 14ஆந் திகதி பெர்லின் மக்கள் ஆயுதசாலையை உடைத்து உட்புகுந்தபோது புதிய துவக்குகளும் அவர்கள் கைக்குச் சென்றன. 1855இல் அரசே ஊசித் துவக்கு என்னும் பெயரை ஒப்புக்கொண்டது. வியப்பு யாதெனில், இரகசியம் வெளிப்பட்ட பின்னரும் ஏனைய வல்லரசுகள் அதனைப் பின்பற்ற விரையவில்லை என்பதே. விரைந்து சுடும் துவக்கைக் கொடுத்தால் வீரர் தோட்டாவை வீணாக்குவர் என்பது எங்கும் பரவியிருந்த அச்சம். ஊசி ஒடியும் என்பது மற்றொரு காரணம். மறுத்தவர் கூறிய குறைகள் யாவும் உண்மையானவை. உண்மையான குறைகளைச் சுட்டியும் ஒருவர் பெரும் பிழை செய்யலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1864ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதி தென்மார்க்கின் வடபகுதியிலுள்ள லுந்பி என்னும் கிராமத்தருகே நிகழ்ந்த சிறு மோதல் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. தேனியப் படைப்பிரிவொன்று நெருக்கமான அணியாக ஈட்டி நீட்டிப் பாய்ந்து வந்தது. வேலி மறைவிலே காத்திருந்த பிரசியர் அவர்கள் அண்மையில் வந்ததும் அடுத்தடுத்துச் சுட்டனர். சில நிமிடங்களில் தேனியருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் வீழ்ந்தும் பிடிபட்டும் போயினர். பிரசியரிற் காயமுற்றோர் மூவரே. அப்போரிற் பிரசியாவின் நட்பு நாடாக நின்று இவற்றையெல்லாம் அறியும் வாய்ப்புப் பெற்றிருந்தது ஒஸ்திரியா. எனினும் அது தன் போர்முறையை மாற்றவில்லை. 1859இற் பிரெஞ்சுப் படை தன்னை ஈட்டிப் பாய்ச்சலால் வென்றது என எண்ணிய ஒஸ்திரியா, அப்பாய்ச்சலையே தானும் பயின்றுகொண்டிருந்தது. முந்திய தோல்வியிற் கற்ற பாடமே அடுத்த தோல்விக்கு வழிகாட்டிற்று.

சரியாக ஈராண்டு கழித்து, அதே யூலை 3ஆந் திகதி, பொகீமியாவிலுள்ள கொனிக்கிராற்ஸ் அருகே இரு பெரும் படைகள் சந்தித்தன. இன்று செக் குடியரசில் ராதெக் கிராலொவே என வழங்கும் ஊர் அது. இருபுறமும் சேர்ந்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் களத்தில் நின்றனர். முன்வாய்த் துவக்குடையவன் மருந்திட எழுந்து நிற்றல் வேண்டும். ஊசித் துவக்குடையவன் படுத்தபடியே மருந்திடலாம். முன்னவன் நிமிடத்துக்கு இரண்டு முறை சுடுவானாயின் பின்னவன் ஐந்து முறை சுட்டான். சுவீப் என்னும் காட்டினுள் மரங்களுக்கிடையே நிகழ்ந்த போரில், தூரத்தில் மேம்பட்ட லொரென்ஸ் துவக்கின் சிறப்புப் பயன்படவில்லை. அண்மையில் மேம்பட்ட ஊசித் துவக்கின் விரைவு பயன்பட்டது. மாலையிற் பிரசியரின் இழப்பு ஏறக்குறைய 9,000. ஒஸ்திரியரின் இழப்போ, பிடிபட்டோர் உட்பட, 40,000இற்கு மேல்.

இத்தொகைகளைக் கண்டே உலகம் ஊசித் துவக்கைக் கொண்டாடிற்று. ஆயின் அதே போரில் யூன் 27ஆந் திகதி நிகழ்ந்த இரு போர்களையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். திரவுத்தெனாவு என்னும் இடத்திலே ஒஸ்திரியத் தளபதி கப்லென்ஸ், ஊசித் துவக்கேந்திய பிரசியரைப் புறங்காட்டச் செய்தார். வென்றவர் இழப்புத் தோற்றவர் இழப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேலாயிற்று என்பது வேறு செய்தி. அன்றே லங்கென்சால்சாவில் முன்வாய்த் துவக்குடைய ஹனோவர் படை பிரசியரை வென்றது; ஆனால் ஈரு நாட்களின் பின், சூழப்பட்டுச் சரணடைந்தது. ஊசித் துவக்கு எதிரியைக் கொன்றது என்பதில் ஐயமில்லை. எதிரியைச் சூழ்ந்ததும், புகையிரதப் பாதைகளால் மூன்று படைகளைக் கொணர்ந்து ஒரே களத்திற் சேர்த்ததும் மோல்த்கே என்னும் தளபதியின் திட்டம். பீரங்கியிலோ ஒஸ்திரியாவே அன்று சிறந்து விளங்கிற்று. எனவே ஊசி தனித்து வென்றது எனல் பொருந்தாது. ஊசியின்றியும் வென்றிருப்பர் எனலும் எளிதன்று.

இந்த ஐயத்துக்கு விடை நான்கே ஆண்டுகளிற் கிடைத்தது. கொனிக்கிராற்சின் செய்தி கேட்ட பிரான்சு அதே 1866 ஓகஸ்ட்டில் அல்போன்ஸ் சாஸ்போ என்பார் அமைத்த துவக்கை ஏற்றது. இதுவும் ஊசித் துவக்கே. தோட்டாவும் மெல்லிய உறையுடையதே. ஆயின் தீமூட்டி தோட்டாவின் அடிக்கே வந்துவிட்டது. எனவே ஊசி மருந்தினூடே செல்லவேண்டிய தேவை நீங்கிற்று, அது குறுகிற்று. தாழின் தலையிலே இறப்பர் வளையமொன்றைப் பொருத்திக் கசிவையும் அடைத்தனர். குண்டு ஊசித் துவக்கினதைப் போல் இருமடங்கு தூரம் சென்றது. ஆனால் புதிய தீர்வு புதிய நோயையும் கொணர்ந்தது. இறப்பர் வெப்பத்திற் கருகிற்று, குளிரில் இறுகிற்று. பிரெஞ்சு வீரன் மாற்று ஊசியோடு மாற்று வளையத்தையும் சுமக்க வேண்டியவனானான். 1867 நவம்பரில் மெந்தானாவிற் கரிபால்டியின் தொண்டரை இத்துவக்குச் சிதறடித்தபோது, அது அற்புதம் விளைத்தது எனப் பிரெஞ்சுத் தளபதி பெருமிதத்தோடு தந்தியனுப்பினார். அத்தந்தி ஐரோப்பாவெங்கும் வெறுப்பையே விளைத்தது.

1870 ஓகஸ்ட் 18ஆந் திகதி சென் பிரிவா என்னும் கிராமத்தின் முன் வெட்டவெளியில் முன்னேறிய பிரசியக் காவற்படை ஏறக்குறைய 8,000 பேரை இழந்தது. தங்கள் துவக்கின் குண்டு எட்டாத தூரத்திலேயே அவர்கள் வீழ்த்தப்பட்டனர். கொனிக்கிராற்சில் ஒஸ்திரியர் பட்ட துன்பத்தைப் பிரசியர் அன்று தாமே பட்டனர். ஆயினும் சில கிழமைகளின் பின் செதானிற் சரணடைந்தவர் பிரெஞ்சுப் பேரரசரே. துவக்கிலே பிரான்சு முந்தியது. குருப் தொழிற்சாலையின் எஃகுப் பீரங்கியிலும், படைதிரட்டும் ஒழுங்கிலும், தளபதிகளின் ஒற்றுமையிலும் ஜேர்மனி முந்தியது. 1866இன் வெற்றியை ஊசிக்கு உரிமையாக்குவோர் 1870இன் தோல்வியை எவ்வாறு விளக்குவர்? இவ்வினாவை எழுப்பாத பாடநூல் குறையுடையதே.

திரைசே 1867இறுதியிற் காலமானார். அவர்தம் துவக்கின் காலமும் விரைவில் முடிந்தது. அதனை முடித்தது சாஸ்போவன்று, பித்தளை. தோட்டாவின் உறை பித்தளையாலானபோது, வெடியின் அழுத்தத்தால் அவ்வுறையே விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டிக் கசிவை அடைத்தது. இறப்பர் வளையத்துக்கு வேலையில்லை. தீமூட்டி உறையின் அடியில் உலோகக் கேப்பாக அமைந்தது. ஊசிக்குத் துளைக்கும் வேலையும் ஒழிந்தது. உண்மையில், துளைப்பது இப்போது குற்றமாயிற்று. முன்னைய ஊசி கூராக இருத்தல் வேண்டும். புதிய அடியூசியோ முனை உருண்டு, கேப்பிற் சிறு குழியை மட்டும் பதித்தல் வேண்டும். கேப்பைக் கிழித்துவிட்டாற் சுடுவாயு ஊசியின் துளைவழியே பின்னோக்கிப் பாயும். பெயர் ஒன்றாயினும் தொழில் மறுதலையாயிற்று.

மலைமலையாகக் குவிந்திருந்த பழைய துவக்குகளை என் செய்வது என்பது அரசுகளுக்குப் பெருஞ் சிக்கலாயிற்று. எஞ்சிய ஆயுதங்களின் கதை இங்கேதான் தொடங்குகின்றது. பிரித்தானியா தன் என்பீல்ட் முன்வாய்த் துவக்குகளின் பின்புறத்தை வெட்டி, பக்கமாகத் திறக்கும் மூடியொன்றைப் பொருத்திற்று. மூடியினூடே சாய்வாக ஓர் அடியூசி செல்லும். பழைய சுத்தியல் அதன் தலையில் அடிக்கும். இம்முறையைக் கூறியவர் பிலதெல்பியாவைச் சேர்ந்த யேக்கப் சினைடர் என்பார். உரிய பணம் முழுவதும் கைக்கெட்டுமுன் வறுமையில் 1866இல் இறந்தார். 1857இல் எந்தத் துவக்கின் கொழுப்புப் பூசிய தோட்டா இந்தியச் சிப்பாய்களின் எழுச்சிக்குத் தீமூட்டியதோ, அதே என்பீல்ட் துவக்கே இவ்வாறு மறுபிறவி எடுத்தது. பிரித்தானிய வீரருக்கு மார்ட்டினி-ஹென்றி கிடைத்த பின்னர், கழிக்கப்பட்ட சினைடர் துவக்கு இந்தியச் சிப்பாய்க்குக் கொடுக்கப்பட்டது. எழுச்சியின் பின், ஆள்வோன் கையிலுள்ள கருவியிலும் ஒரு தலைமுறை பழையதே ஆளப்படுவோன் கைக்கு வரும் என்பது அங்கு எழுதாச் சட்டமாயிற்று. பிரான்சு சாஸ்போவின் தாழை 1874இல் கிரா என்னும் படைத்தலைவரின் முறைப்படி பித்தளைத் தோட்டாவுக்கு மாற்றிற்று. போரிற் கைப்பற்றிய சாஸ்போக்களைக் குறுக்கி ஜேர்மனியும் தன் குதிரைப்படைக்கு வழங்கிற்று.

நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஒபெர்ந்தோர்ப் என்னும் ஊரின் மவுசர் சகோதரரும் ஊசித் துவக்கைத் திருத்த முயன்றே தம் தொழிலைத் தொடங்கினர். திரைசேயின் துவக்கில் ஊசியை வில்லேற்றத் தனியாக ஒரு கையசைவு வேண்டும். தாழின் கைப்பிடியைத் திருப்பும் அசைவே வில்லையும் ஏற்றுமாறு பவுல் மவுசர் அமைத்தார். 1871ஆம் ஆண்டு மாதிரி ஜேர்மன் துவக்கு இதன்வழி வந்தது. 1886இல் பிரான்சு புகையற்ற மருந்தைப் பயன்படுத்தும் லெபெல் துவக்கை வெளியிட, அழுத்தம் பன்மடங்கு பெருகிற்று. கேப்புக் கிழிந்தாலோ ஊசி ஒடிந்தாலோ நேரும் ஆபத்தும் பெருகிற்று. மவுசரின் 1898ஆம் ஆண்டு மாதிரியில் இதற்கான காப்புக்கள் அனைத்தும் ஒருங்கே காணப்படும். தாழின் பக்கத்திற் கசிவாயு வெளியேறத் துளைகள் உண்டு. சுடுவோன் முகத்தைக் காக்கத் தாழின் பின்புறம் அகன்ற விளிம்பு உண்டு. தாழ் முற்றாக மூடாதவிடத்து, ஒடிந்த ஊசியும் முன்செல்லாதவாறு அதன் தண்டிலே தோள்கள் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கால விபத்துக்கள் அவ்வெஃகிலே எழுதப்பட்டுள்ளன எனலாம்.

அடியூசி எவ்வளவு வெளியே நீளல் வேண்டும் என்பதே இதன்பின் தொழிலாளரின் தலையாய கேள்வி. குறைந்தால் வெடிக்காது; கூடினாற் கேப்புக் கிழியும். இரஷ்யர் இதற்குக் கண்ட வழி போற்றத்தக்கது. 1891ஆம் ஆண்டு மாதிரி மொசின் துவக்குடன் ஒவ்வொரு வீரனுக்கும் சிறு இரும்புத் திருப்பி ஒன்று கொடுக்கப்பட்டது. அதன் விளிம்பிலே 75, 95 என எண்ணிட்ட இரு வெட்டுக்கள் உண்டு. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 75 பங்கு என்பது குறைந்த அளவு. 95 பங்கு கூடிய அளவு. முதல் வெட்டில் ஊசிமுனை தட்டல் வேண்டும். இரண்டாம் வெட்டில் தட்டலாகாது. பிழையாயின் அதே திருப்பியால் ஊசியை முறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யலாம். எழுத்தறியாத விவசாயிகள் பெரும்பாலாராக இருந்த படைக்கு, எண்ணை வாசியாமலே தட்டுப்படுதலால் அறியும் அளவுகோல் அது. பிரித்தானியரின் லீ-என்பீல்டிலோ ஊசி திருகாணியாற் பூட்டப்பட்டது. அதனைக் கழற்றுதல் படைப்பிரிவின் ஆயுதக் கம்மியருக்குரிய வேலை. யப்பானியரின் அரிசாகாத் துவக்கிலோ ஊசி உள்ளே குழலாக அமைந்து, வில்லைத் தன்னுள் அடக்கியிருந்தது. கருவியெதுவுமின்றிக் கையாலேயே பிரிக்கலாம். சாதாரண வீரனை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றி ஒவ்வோர் அரசும் கொண்டிருந்த கருத்து இவ்வூசிகளில் வெளிப்படுகின்றது.

இரு உலகப் போர்களின் பின் கோடிக்கணக்கான இத்துவக்குகள் எஞ்சின. எண்ணெய்க் கொழுப்புப் பூசிப் பெட்டிகளில் அடைத்து வைக்கப்பட்டவை, 1950களில் வணிகப் பொருளாயின. அமெரிக்காவில் அவை தபாற் கட்டளை மூலம் மலிவாக விற்கப்பட்டன. 1940இல் இத்தாலியில் தெர்னி என்னும் இடத்திற் செய்யப்பட்ட கர்க்கானோத் துவக்கொன்று, தூரநோக்கியுடன் 19 தொலர் 95 சதத்துக்கு இவ்வாறு வாங்கப்பட்டது. 1963 நவம்பர் 22ஆந் திகதி ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்த துவக்கு அதுவே. அதனைப் பின்னர் பரிசோதித்த அமெரிக்கப் படையினர், அடியூசி ஒடிந்துவிடும் என அஞ்சி வெறும் விசையிழுப்பைத் தவிர்த்தனர். அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய படைக்கல இறக்குமதியைத் தடுத்தது. 1980களில் அத்தடை ஓரளவு தளர்ந்தது. 1991இற் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் மொசின் துவக்குகளும் சிமொனொவ் துவக்குகளும் பெருந்தொகையாக அங்கு சென்றன.

பேணுவாரின்றிக் கிடந்த கருவிக்குப் போர்க்களத்தில் இல்லாத நோய்கள் சில உண்டு. காக்கப் பூசிய கொழுப்பே ஆண்டுகள் பல செல்ல அரக்குப்போல் இறுகி, தாழினுள் வில்லையும் ஊசியையும் பற்றிக்கொள்ளும். ஊசி மந்தமாகச் சென்றாற் கேப்பு வெடியாது. சிமொனொவ் துவக்கின் தொடக்கக்கால அமைப்பிலே ஊசியைப் பின்னிழுக்கச் சிறு வில்லொன்று இருந்தது. பின்னர் அதனை நீக்கி ஊசியைத் தளர்வாக ஓடவிட்டனர். படைத் தோட்டாவின் கேப்பு தடித்ததாகையால் களத்தில் அதனாற் கேடில்லை. இறுகிய கொழுப்போடு ஊசி முன்புறத்திற் சிக்கிவிடின், விசையைத் தொடாமலே தாழ் மூடும் வேகத்தில் வெடி தீரும். பழைய தோட்டாக்களின் கேப்பு மருந்தாலும் தீங்குண்டு. அதிலுள்ள பொற்றாசியம் குளோரேற்று எரிந்தபின் உறிஞ்சும் இயல்புடைய உப்பாக மாறிக் குழாயிலும் ஊசிமுனையிலும் தங்கும். ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். இவ்வுப்பு எண்ணெயிற் கரையாது, நீரிலேயே கரையும் என்பதறிந்தே பிரித்தானியப் படையினர் புனல் வைத்துக் கொதிநீர் வார்த்துக் குழாயைக் கழுவினர். எண்ணெய் மட்டும் பூசித் திருப்தியடைந்தவனின் துவக்கு, பளபளப்பின் கீழே அரிபட்டது.

எஞ்சிய துவக்குகள் யாவும் விற்கப்படவில்லை. தேய்ந்தவற்றுட் சிலவற்றைப் பிரித்தானியர் பயிற்சிக்கென ஒதுக்கினர். டி.பி. என்னும் இரு எழுத்துக்களைப் பொறித்து, குழாயைத் துளைத்து, அடியூசியின் முனையை வெட்டி, மரப்பாகத்தில் வெள்ளைக் கோடு தீட்டிப் பேரரசெங்கும் பாடசாலைக் கடேற் படைகளுக்கு வழங்கினர். நிறையும் நீளமும் போர்க்களத்துக்குரியனவே. தோளிலே தாங்கி நடக்கலாம். தாழைத் திறந்து மூடலாம். விசையை இழுத்தால் உள்ளே வில் முன்பாயும் ஒலியும் கேட்கும். ஓர் அங்குலத்தின் பத்திலொரு பங்கினும் குறைந்த எஃகுமுனை மட்டும் அங்கு இல்லை.